மலையில் விமான ரேடியோ மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகப் பழுது பார்க்கும் வழி

மேட்டுப்பாளையத்தில் நன்றாகப் பேசிய செட் ஊட்டி ஏறியதும் ஊமையாகிவிட்டால், உள்ளே ஏதோ எரிந்துவிட்டது என்ற முடிவுக்குப் போகாதீர்கள். பேட்டரி முனை, ஆண்டெனா பிடி, ஹெட்செட் ஒயர், நிற்கும் இடம் ஆகிய நான்கையும் பார்த்து முடிப்பதற்குள் பெரும்பாலான கோளாறுகள் பிடிபட்டுவிடும். செட்டைத் திறக்கும் வேலை கடைசியில்தான் வரும். அதுவும் நம் வேலை அல்ல.

118 முதல் 136.975 மெகாஹெர்ட்ஸ் வரை ஏ.எம். முறையில் (அலையின் வலிமையை ஏற்றி இறக்கிக் குரலை அனுப்பும் முறை) பேசும் கையடக்க விமான ரேடியோவுக்கான வழிமுறை இது. பாராகிளைடர், மைக்ரோலைட் ஓட்டுபவர்களும் ஹெலிபேட் தரைக்குழுவினரும் வைத்திருப்பது இந்த வகைதான்.

பக்கத்தில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், கொஞ்சம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், பென்சில் அழிக்கும் ரப்பர், ஒரு மாற்று ஆண்டெனா, முடிந்தால் அதே மாடலில் இன்னொரு செட். இரண்டு செட் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நல்ல செட்டின் பேட்டரியைக் கெட்ட செட்டில் போடுங்கள், அடுத்து ஆண்டெனாவை மாற்றுங்கள், அதன்பின் ஹெட்செட்டை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது.

இரண்டு விஷயங்களில் சமரசமே கூடாது. ஆண்டெனா இல்லாமல் பேச்சுப் பட்டனை அழுத்தக் கூடாது. அனுப்பும் பகுதி கெட்டுப்போகலாம். 121.5 மெகாஹெர்ட்ஸ் ஆபத்து அழைப்புக்கான அலைவரிசை. அதில் "ஹலோ, டெஸ்டிங்" கூடவே கூடாது. சோதனைப் பேச்சு உங்கள் உரிமத்தில் உள்ள அலைவரிசையில் மட்டும், அதுவும் 10 வினாடிக்குள் முடிய வேண்டும்.

## ஆன் ஆகவில்லை, அல்லது ஆனாகி உடனே அணைகிறது

பேட்டரி சரியாக உட்காரவில்லை. கழற்றி மறுபடியும் 'டக்' என்று பூட்டும்வரை தள்ளுங்கள். கொக்கி தேய்ந்திருந்தால் குலுக்கும்போது மட்டும் அணையும். ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிப் பாருங்கள். அணைவது நின்றால் கொக்கிதான் காரணம்.

முனைகள் அழுக்கு. வியர்வையும் செம்மண் தூசியும் சேர்ந்து பச்சை படியும். பேட்டரியில் உள்ள தகடுகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். செட்டின் பக்கம் இருக்கும் ஸ்பிரிங் முனைகளை ஆல்கஹாலால் மட்டும் துடைத்தால் போதும். உப்புத்தாள் வேண்டாம், மேல்பூச்சு போனால் அடுத்த மழைக்காலத்தில் துரு இரண்டு மடங்காக வரும்.

குளிர். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியற்காலையில் உறைபனி விழும். இரவு முழுக்க ஜீப்பில் கிடந்த லித்தியம் பேட்டரி முழு சார்ஜ் காட்டும், ஆனால் பேச்சுப் பட்டனை அழுத்தியதும் சரிந்துவிடும். கேட்பதற்கு மிகக் குறைந்த மின்சாரம் போதும், அனுப்புவதற்குப் பல மடங்கு வேண்டும் என்பதால்தான் அந்த நொடியில் விழுகிறது. பேட்டரியைச் சட்டையின் உள்பையில் 20 நிமிடம் வைத்து மறுபடியும் பாருங்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள். அந்தச் சேதம் திரும்பாது.

பேட்டரி வயதாகிவிட்டது. இரண்டு செல் கொண்ட லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் 8.4 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். சார்ஜரிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் சும்மா வைத்தபின் அளந்து 8 வோல்ட்டுக்கும் கீழே இருந்தால் அதை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். முதுகு உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள்.

பென்சில் செல் பெட்டியில் தவறான செல். ஆறு ஏஏ செல் போடும் பெட்டி இருந்தால் ஆல்கலைன் செல் போடுங்கள். பெட்டிக்கடையில் சுவர்க் கடிகாரத்துக்கு விற்கும் சாதா செல் அனுப்பும்போது வரும் சுமையைத் தாங்காது: செட் கேட்கும், பேசாது. சார்ஜ் செய்யும் நிக்கல் செல் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான், ஆறும் சேர்ந்து 7.2, பல செட்டுகள் இதில் நன்றாகவே ஓடும், ஆனால் திரையில் உள்ள பேட்டரிக் கோடு குறைவாகக் காட்டும். அதை நம்ப வேண்டாம். எப்போது வாங்கினாலும் இந்தப் பெட்டி தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். புயலுக்குப் பின் மரம் விழுந்து எஸ்டேட் பக்கம் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் சார்ஜரைவிட, எட்டு செல் கொண்ட ஒரு பாக்கெட்தான் பெரிய துணை.

நல்ல பேட்டரி, சுத்தமான முனை, மிதமான வெப்பம் மூன்றும் இருந்தும் ஆன் ஆகவில்லையா? பட்டறைக்கு அனுப்புங்கள்.

## ஆன் ஆகிறது, ஆனால் எதுவும் கேட்கவில்லை

முதலில் ஸ்க்வெல்ச்சை, அதாவது குரல் வராதபோது இரைச்சலை அடக்கும் அமைப்பை, முழுவதும் திறங்கள். 'ஸ்ஸ்' என்று இரைச்சல் வருகிறதா?

இரைச்சல் வரவில்லை என்றால் ஒலி வெளியே வரும் பாதையில் கோளாறு. ஒலி அளவைக் கூட்டுங்கள். ஹெட்செட் அடாப்டர் செருகியிருந்தால் கழற்றுங்கள். செருகியிருக்கும் வரை வெளி ஸ்பீக்கர் பேசாது. ஜாக் துளைக்குள் ஈரமோ தூசியோ இருந்தால் எதுவும் செருகாமலே 'செருகியிருக்கிறது' என்று செட் நினைத்துக்கொள்ளும். பிளக்கை நாலைந்து முறை செருகி எடுங்கள், பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

இரைச்சல் வருகிறது, குரல் இல்லை என்றால் அலைவரிசையைப் பாருங்கள். 108 முதல் 117.975 வரை வழிகாட்டிக் கருவிகளுக்கானது, அங்கே பேச்சுக்கு யாரும் வரமாட்டார்கள். அடுத்தது சேனல் இடைவெளி: 8.33 கிலோஹெர்ட்ஸ் அமைப்பில் 118.105 என்று போட்டால் அது 118.100-இன் குறுகிய வடிவம். எதிர்ப்பக்கம் 25 கிலோஹெர்ட்ஸில் பேசினால் குரல் நசுங்கிக் கேட்கும். 00, 25, 50, 75 என்று முடியும் எண்கள் 25 கிலோஹெர்ட்ஸுக்கு உரியவை.

விமானிகள் குரல் கேட்கிறது, விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பதில் மட்டும் கேட்கவில்லை. இதைக் கோளாறு என்று நினைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பணம் செலவழிப்பவர்கள் அதிகம். கோளாறே இல்லை. இந்த அலை நேர்க்கோட்டில் போகும், மலையைத் துளைக்காது. 10,000 மீட்டர் உயரத்தில் போகும் விமானம் ஊட்டியிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் தொடுவானத்துக்கு மேலேதான் இருக்கும். அந்த விமானிக்குப் பதில் சொல்லும் தரைநிலையமோ மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும். கிண்ணம் மாதிரிக் குழிந்த ஊட்டி நகரத்துக்குள்ளும், கொடைக்கானல் ஏரிக்கரையிலும் ஒரு பக்கப் பேச்சு மட்டும் கேட்பதே இயல்பு. குன்னூர் லேம்ப்ஸ் ராக், கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக் போன்ற சமவெளியை நேராகப் பார்க்கும் விளிம்பில் நின்று மறுபடியும் கேட்டுப்பாருங்கள்.

மேலே பறக்கும் விமானத்தின் பேச்சுகூட வராவிட்டால் ஆண்டெனாவை மாற்றுங்கள். மாற்றியும் வராவிட்டால் செட்டில் அலையை வாங்கும் பகுதிதான் பழுது.

செட்டே வேறு வகை. 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எஃப்.எம். முறையில் பேசும் சாதாரண வாக்கி-டாக்கியை விமான ரேடியோ என்று விற்கிறார்கள். முறையும் வேறு, அலைவரிசையும் வேறு. எந்த அமைப்பை மாற்றினாலும் விமானத்தோடு பேசாது. தரைக்குழுவினர் தங்களுக்குள் "வண்டியை மேலே கொண்டுவா" என்று பேசிக்கொள்ள 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள உரிமம் தேவையில்லாத குறைந்த சக்தி செட் போதும். விமான அலைவரிசையை அதற்குப் பயன்படுத்தாதீர்கள். விமான ரேடியோவுக்கு டபிள்யூ.பி.சி. (மத்திய அரசின் வானலைப் பிரிவு) உரிமமும், பேசுபவருக்கு ஆர்.டி.ஆர். (ரேடியோவில் பேசத் தகுதி) சான்றும் வேண்டும். வாங்கும் முன்பே இதை முடித்துக்கொள்ளுங்கள்.

## நன்றாகக் கேட்கிறது, ஆனால் நாம் பேசுவது போகவில்லை

ஆளைத் திணறடிக்கும் கோளாறு இதுதான். நாம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருப்பதால் செட் நன்றாக இருப்பதாகத் தோன்றும். பட்டனை அழுத்தும்போது அனுப்பும் அடையாளம், அதாவது சிவப்பு விளக்கோ திரையில் வரும் குறியோ, தெரிகிறதா என்பதிலிருந்து பாதை பிரிகிறது.

அடையாளம் தெரியவில்லை. பேட்டரி குறைந்தால் பல செட்டுகள் கேட்டுக்கொண்டே இருக்கும், அனுப்புவதை மட்டும் நிறுத்திவிடும், பேட்டரியை மாற்றுங்கள். பட்டன் பூட்டு போட்டிருக்கலாம், எடுங்கள். 118-க்குக் கீழே நின்றால் அனுப்ப முடியாது. ஹெட்செட் போட்டிருந்தால் அதைக் கழற்றிச் செட்டின் பட்டனை நேரடியாக அழுத்துங்கள். இப்போது விளக்கு எரிந்தால் விரலில் கட்டும் பட்டனின் ஒயர் அறுந்திருக்கிறது. பிளக்கிலிருந்து இரண்டு விரல் தூரத்துக்குள், வளையும் இடத்தில்தான் பெரும்பாலும் அறும். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வைத்து, ஒயரை அந்த இடத்தில் வளைத்து வளைத்துப் பாருங்கள்; பீப் விட்டு விட்டு வரும்.

அடையாளம் தெரிகிறது, எதிர்ப்பக்கம் 'இரைச்சல் அடங்குகிறது, குரல் இல்லை' என்கிறார்கள். அலை போகிறது, மைக் வேலை செய்யவில்லை. செட்டின் மைக் துளை மண்ணால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஊசியால் குத்தாதீர்கள், உள்ளே நீர் புகாத சவ்வு கிழியும். மென்மையான பிரஷ் போதும். ஹெட்செட்டில்தான் இப்படி என்றால் அடாப்டர் அந்த மாடலுக்கு உரியதுதானா என்று பாருங்கள். கைப்பேசி இயர்போன் பிளக் உள்ளே போகும், ஆனால் முனைகளின் வரிசை பொருந்தாது.

அடையாளம் தெரிகிறது, எதிர்ப்பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. இன்னொரு செட்டை 100 மீட்டர் தள்ளி ஒருவர் கையில் கொடுங்கள். அருகருகே வைத்துச் சோதித்தால் ஆண்டெனாவே இல்லாத செட்கூட நன்றாக இருப்பதாகத் தோன்றும். தெளிவை 1 முதல் 5 வரை சொல்லச் சொல்லுங்கள்: 1 புரியவே இல்லை, 3 சிரமப்பட்டால் புரிகிறது, 5 மிகத் தெளிவு. 100 மீட்டரில் 5 வராவிட்டால் ஆண்டெனாவை மாற்றுங்கள். மாற்றியும் வராவிட்டால் 50 ஓம் டம்மி லோடும் (ஆண்டெனாவுக்குப் பதிலாக மாட்டிச் சக்தியை வாங்கிக்கொள்ளும் மின்தடை), 120 மெகாஹெர்ட்ஸில் அளக்கும் பவர் மீட்டரும் வேண்டும். செட்டின் கையேட்டில் இரண்டு சக்தி எண்கள் இருக்கும்: உச்ச சக்தி 5 அல்லது 6 வாட், பேசாமல் பட்டனை மட்டும் அழுத்தும்போது வரும் கேரியர் சக்தி 1.5 அல்லது 1.8 வாட். மீட்டரில் 1.5 பார்த்துவிட்டு "5 வாட் என்றார்களே" என்று பதற வேண்டாம், அது சரியான அளவுதான். அரை வாட்டுக்கும் கீழே வந்தால் அனுப்பும் பகுதி பழுது.

## தூரம் குறைந்துவிட்டது

மலையில் நேர்த்தொலைவுக் கணக்கு எளிது. சமவெளியிலிருந்து நீங்கள் நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். 1,800 மீட்டர் உயர விளிம்புக்கு ஏறத்தாழ 175 கிலோமீட்டர். சரிவுக்குப் பின்னால் 50 அடி இறங்கிவிட்டால் அதே திசையில் ஒன்றுமே போகாது. அதனால் பேசும் முன் பத்தடி நடந்து பாருங்கள். காசு செலவில்லாத சோதனை.

இடம் மாறியும் தூரம் கூடவில்லையா? பழுதை இந்த வரிசையில் தேடுங்கள்.

ஆண்டெனா பிடி லேசாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். ஆண்டெனாவைச் செருகித் திருப்பும் பிஎன்சி வகைப் பிடியில் கால்சுற்று திருப்பிப் பூட்ட வேண்டும். நடு ஊசி உள்ளே இறங்கியிருந்தால் பூட்டினாலும் தொடாது. ரப்பர் ஆண்டெனாவின் அடிப்பகுதியில் வெடிப்பு இருந்தால் உள்ளே ஈரம் போயிருக்கும். மாற்றுவது தவிர வேறு வழியில்லை. இதற்கு ஒட்டுவேலை வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

பிறகு பிடிக்கும் முறை. ஆண்டெனா செங்குத்தாக இருக்க வேண்டும். பாராகிளைடர் இருக்கையின் பக்கப்பையில் தலைகீழாக, இரும்புக் கொக்கிக்கும் வேரியோமீட்டருக்கும் (ஏறும், இறங்கும் வேகம் காட்டும் கருவி) நடுவில் திணித்த செட்டிலிருந்து நல்ல தூரத்தை எதிர்பார்க்க முடியாது. தோள்பட்டை வாரில், ஆண்டெனா மேல்நோக்கி நிற்கும்படி கட்டுங்கள்.

கையடக்க செட்டுக்குக் கீழே 'தரை', அதாவது ஆண்டெனாவுக்கு மறுபாதியாக வேலை செய்யும் உலோகப் பகுதி, போதுமான அளவு இல்லை. ரப்பர் ஆண்டெனாவின் பலவீனமே அதுதான். 58 சென்டிமீட்டர் நீள மெல்லிய ஒயரை, முனையில் வளையம் வைத்து, பிஎன்சி பிடியின் வெளி வளையத்தில் இறுக்கித் தொங்க விட்டால் நிலைமை தெளிவாகத் தேறும். ஒயர் உள் ஊசியைத் தொடக் கூடாது. பறக்கும்போது இது வேண்டாம், கயிறுகளில் சிக்கும், தரைக்குழுவுக்கு உகந்தது.

ஹெலிபேட் ஓரத்திலோ எஸ்டேட் பங்களா கூரையிலோ வெளி ஆண்டெனா போட்டால் கேபிளைச் சிறிதாக வையுங்கள். ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டருக்கு ஏறத்தாழ 2 டெசிபெல் தின்னும். சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே போய்விடும். எஸ்.டபிள்யூ.ஆர். (ஆண்டெனா ஏற்காமல் சக்தி திரும்பி வருவதைக் காட்டும் எண்) 2-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 3-ஐத் தாண்டினால் பேசுவதை நிறுத்திப் பிடிகளைப் பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் எண் ஏறினால் கூரைமேல் பிடிக்குள் தண்ணீர்.

## குரல் உடைகிறது, இரைச்சல் கலக்கிறது

நாம் பேசுவதுதான் உடைகிறது: மைக்கிலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் தள்ளி, காற்றுக்கு முதுகு காட்டி, சாதாரணக் குரலில் பேசுங்கள். கத்தினால் தெளிவு குறையும். பட்டனை அழுத்தி ஒரு நொடி விட்டுத் தொடங்குங்கள், முதல் சொல் வெட்டுப்படாது.

கேட்பதில் ஒரே சீரான கிர்ர்: பக்கத்தில் உள்ள மின்கருவி. கேமரா, கைப்பேசி, பவர் பேங்க், காரில் செருகிய யூ.எஸ்.பி. சார்ஜர் என ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எஞ்சின் வேகத்தோடு இரைச்சலும் ஏறி இறங்கினால் ஸ்பார்க் பிளக்; தடுப்பு உள்ள பிளக்கும் பிளக் மூடியும் போட வேண்டும்.

விட்டு விட்டு வெடிப்பு: ஏப்ரல், மே மாலைகளிலும் ஐப்பசி மழையிலும் இது மின்னல். கண்ணுக்குத் தெரியாத மேகத்தின் மின்னலும் ஏ.எம். செட்டில் கேட்கும். செட்டைப் பழுது பார்க்காதீர்கள். பறப்பவரைக் கீழே இறங்கச் சொல்லுங்கள்.

குறிப்பிட்ட இடத்தில் மட்டும் செட் மந்தமாகிறது: கொடைக்கானலில் இதை அடிக்கடி சந்திக்க நேரும். கொடை பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் 10 கிலோவாட்டில் ஒலிபரப்புகிறது. கோபுரத்துக்கு அருகில் அந்த வலிமை கைச்செட்டின் வாசலிலேயே புகுந்து, தூரத்துக் குரலை அமுக்கிவிடும். சில நேரம் பாட்டே மெலிதாகக் கேட்கும். இரண்டு கிலோமீட்டர் விலகியோ, கோபுரத்துக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு மேடு இருக்கும்படியோ நின்று பாருங்கள். சரியானால் செட்டில் பழுதில்லை. அங்கேயே நின்றாக வேண்டுமானால் பண்பலை தடுப்பு ஃபில்டர் உதவும். செட்டின் முழு உச்ச சக்தியையும் தாங்கும் ஃபில்டராக வாங்குங்கள். கேட்பதற்கு மட்டுமே ஏற்ற மலிவு ஃபில்டர் பட்டனை அழுத்தியதும் கருகிவிடும்.

ஊட்டி பக்கம் முத்தோரை ரேடியோ தொலைநோக்கியின் சுற்றுவட்டாரத்தில் சோதனைப் பேச்சே வேண்டாம். 530 மீட்டர் நீளமுள்ள அந்தக் கருவி வானத்திலிருந்து வரும் மிக மெல்லிய அலைகளைக் கேட்கிறது. நம் சோதனையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

## அலைவரிசை முழுக்க அடைத்துக்கொண்டது

யாரோ ஒருவருடைய பேச்சுப் பட்டன் அழுத்தியபடி சிக்கியிருக்கிறது. அது நீங்களாகவும் இருக்கலாம். உங்கள் செட்டில் சிவப்பு விளக்கு நிற்காமல் எரிகிறதா பாருங்கள். எரிந்தால் ஹெட்செட் பிளக்கை உருவுங்கள், அதற்கும் அணையாவிட்டால் பேட்டரியைக் கழற்றுங்கள். இறுகிய வார், கையுறைக்குள் மடங்கிய விரல் பட்டன், ஈரத்தில் ஒட்டிய ரப்பர் மூடி ஆகியவை வழக்கமான காரணங்கள். தொடர்ந்து அனுப்புவதைத் தானாக நிறுத்தும் நேர வரம்பு அமைப்பு உள்ள செட்டில் அதை 60 வினாடிக்கு வைத்துவிடுங்கள். ஏ.எம். அலைவரிசையில் இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் கூச்சல் மட்டுமே மிஞ்சும். இறங்கிக்கொண்டிருக்கும் ஹெலிகாப்டருக்குத் தரைக்குழு சொல்லும் எச்சரிக்கை அதில் மறைந்துவிடும்.

## நனைந்துவிட்டது, திரைக்குள் ஆவி தெரிகிறது

ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். ஜாக் மூடி திறந்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. உடனே அணைத்து, பேட்டரியையும் ஆண்டெனாவையும் கழற்றி, மூடிகளைத் திறந்து, சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், மாவுத் தூசி ஜாக்குக்குள் போகும். அடுப்படிச் சூடும் ஹேர் டிரையரும் ரப்பர் சீலைத் தளர்த்தும்.

மழையே படாமல் ஆவி கட்டினால், குளிர்ந்த செட்டைச் சூடான அறைக்குள் கொண்டுவந்ததுதான் காரணம். வெளியிலேயே ஜிப் பையில் போட்டு மூடி உள்ளே எடுத்து வாருங்கள். பைக்குள்ளேயே அறை வெப்பத்துக்கு வந்தபின் திறங்கள். திரைக்குள் ஆவி ஒரு வாரத்துக்குப் பிறகும் மறையாவிட்டால் சீல் போய்விட்டது.

## எப்போது பட்டறை

அனுப்பும் சக்தி அரை வாட்டுக்குக் கீழே இருந்தால், நல்ல ஆண்டெனாவிலும் மேலே பறக்கும் விமானம் கேட்காவிட்டால், அலைவரிசை நகர்ந்து எதிர்ப்பக்கம் எல்லோருக்கும் நசுங்கிக் கேட்டால், சீல் போயிருந்தால், பிஎன்சி பிடியே செட்டோடு ஆடினால் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. கைப்பேசிக் கடையில் திறக்கக் கொடுக்காதீர்கள், ஏ.எம். செட்டை அளக்கும் சர்வீஸ் மானிட்டர் உள்ள இடம் வேண்டும். தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற மையத்திலோ ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவி) பட்டறையிலோ கேளுங்கள். ஆண்டெனா, பேட்டரி, சார்ஜர், ஹெட்செட் அடாப்டர் நான்கையும் கூடவே அனுப்புங்கள். ஒரு தாளில் எந்த அலைவரிசை, எந்த இடம், மழையா வெயிலா, எதை மாற்றிப் பார்த்தீர்கள், மாற்றியதும் என்ன ஆனது என்று எழுதிச் செட்டோடு கட்டிவிடுங்கள். திரும்பி வந்ததும் 100 மீட்டர் சோதனையை மறுபடியும் செய்து, 5 வந்தபின்தான் கையெழுத்துப் போடுங்கள்.